ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் ஆன்டிபயாடிக்கும் குடல் பாக்டீரியாவும்: நோயாளியின் குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கும் பிஎம்டி வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "கவுண்ட் ஏறியிருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கி ஏறும் அதே மூன்று வாரங்களில், அதே நோயாளியின் குடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் கணக்கும் சரிகிறது. அதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தச் சரிவுக்கு முதன்மையான காரணம், உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளே. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு நோயாளியின் குடும்பம் எந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம், மருத்துவக் குழுவிடம் எதைக் கேட்கலாம் என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் பிறரிடமிருந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல் பெறும் மாற்றுச் சிகிச்சையைப் பற்றியது. தன்னுடைய செல்களையே சேமித்துத் திரும்பப் பெறுபவர்களுக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும் என்றாலும், கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டி என்ற பெருஞ்சிக்கல் முதல் வகையினருக்கே உரியது. ஆன்டிபயாடிக்கைக் குறைக்கச் சொல்லும் கட்டுரை இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளணுக்கள் இல்லாத உடலில் காய்ச்சல் வந்த பிறகு ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடுவது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

நம் பெருங்குடலில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் மட்டுமே வாழக்கூடிய நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் உள்ளன. நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான உணவு. கிளாஸ்டிரிடியா என்ற பெருங்குழுவைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், நோயெதிர்ப்பு அணுக்களில் அமைதிப்படுத்தும் வகையைச் சேர்ந்த டி செல்கள் பெருகவும் துணை செய்கின்றன. இவ்வளவு நெருக்கமாக இடம்பிடித்து வாழ்வதாலேயே, என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற தொற்றுக் கிருமிகள் அங்கே தலையெடுக்க முடிவதில்லை.

மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் கடுமையான கீமோதெரபியோ கதிர்வீச்சோ குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. புண்ணான சுவர் வழியாக பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுக்கூறுகளும் இரத்தத்துக்குள் கசியும்போது, உடல் அழற்சி நிலைக்குப் போகிறது. கொடையாளரின் டி செல்கள் வந்து சேர்வது அந்த நிலையில்தான். எச்சரிக்கை மணி ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழையும் காவலரைப் போல, அவை நோயாளியின் தோல், கல்லீரல், குடல் ஆகியவற்றையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குவது ஜிவிஎச்டி. குடல் தாக்கப்படும்போது, பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் புரதங்களைச் சுரக்கும் பானெத் செல்களும் அழிகின்றன. அதனால் குடலின் சமநிலை இன்னும் கெடுகிறது.

இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. குடலில் எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஜிவிஎச்டி குறைவாக வருகிறது என்று 1970களில் டச்சு ஆய்வாளர் வான் பெக்கும் உள்ளிட்டோர் காட்டினார்கள். ஆகவே குடலில் உள்ள அனைத்தையும் மருந்தால் துடைத்துவிட்டால் நல்லது என்ற முடிவுக்கு மருத்துவம் வந்தது. வடிகட்டிய காற்று ஓடும் அறைகளும், உறிஞ்சப்படாத ஆன்டிபயாடிக் மருந்துகளும், கிருமி நீக்கிய உணவும் வந்தன. நடைமுறையில் மனிதக் குடலை முற்றிலும் துடைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். அரைகுறையாகத் துடைக்கும்போது முதலில் சாவது நல்லவை, எஞ்சுவது மருந்துக்கு அடங்காதவை. டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் முறைகள் மலிவாகி, கல்ச்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வளராத பாக்டீரியாக்களையும் எண்ண முடிந்த 2010களில்தான் இது தெளிவாகப் புலப்பட்டது.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் 80 நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. புதிய செல்கள் ஒட்டும் சமயத்தில் குடல் பாக்டீரியாவின் பன்மை, அதாவது அவற்றின் வகைகளின் பெருக்கம், குறைவாக இருந்தவர்களில் மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம். நடுத்தரமாக இருந்தவர்களில் 60 சதவீதம். அதிகமாக இருந்தவர்களில் 67 சதவீதம். ஒரே மையத்தின் முடிவு என்ற ஐயத்தை, நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நான்கு ஊர்களிலிருந்து 1362 நோயாளிகளின் 8767 மல மாதிரிகளைச் சேர்த்து 2020இல் வெளிவந்த ஆய்வு பெருமளவு போக்கியது. உணவும் மருந்துப் பழக்கமும் வேறுபட்ட நான்கு இடங்களிலும் ஒரே சரிவு, ஒரே பாணி.

படி 1: மருத்துவமனையில் சேர்வதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கடந்த ஓராண்டில் நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர், காரணம், நாட்கள் ஆகியவற்றைப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் பார்த்து வரிசையாக எழுதுங்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியவையும் அதில் இடம்பெற வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இது இடமில்லை. முன்பு எப்போதாவது இரத்தக் கல்ச்சரிலோ சிறுநீர்க் கல்ச்சரிலோ கிருமி வளர்ந்திருந்தால், அந்த அறிக்கையின் நகல் தங்கத்துக்குச் சமம். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்பட்டது என்பதை வைத்தே காய்ச்சல் வரும் இரவில் மருத்துவர் முதல் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

அடுத்தது பென்சிலின் ஒவ்வாமை. சிறுவயதில் ஊசி போட்டபோது தடிப்பு வந்ததாகப் பெரியவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் "பென்சிலின் ஆகாது" என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை. அந்த ஒற்றை வரியால் மருத்துவர் வேறு மருந்துகளுக்குப் போக நேரிடுகிறது. சேர்க்கைக்கு முன்பே, நேரம் இருக்கும்போதே, இதைச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

பல மையங்களில் சேர்க்கையின்போது ஆசனவாயில் பஞ்சு தடவி எடுத்து, எளிதில் அடங்காத கிருமிகள் குடலில் குடியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இந்தியாவில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கார்பபெனெம் என்ற மிக வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கே அடங்காத கிளெப்சியெல்லா இங்குள்ள மருத்துவமனைகளில் பெரும் தலைவலியாகிவிட்டது. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் குறித்துச் சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் அறிக்கை வெளியிட வேண்டியிருந்ததும் இந்த நிலைமையால்தான். ஆகவே அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளின் பரிந்துரைகளை வேலூருக்கோ சென்னைக்கோ அப்படியே பொருத்த முடியாது என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். அங்கே செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக் போதுமான இடத்தில் இங்கே மெரோபெனெம் என்ற கார்பபெனெம் தேவைப்படலாம்.

படி 2: கீமோதெரபி நாட்களும் தடுப்பு மருந்தும்

காய்ச்சல் வருவதற்கு முன்பே லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரையைத் தடுப்புக்காகக் கொடுப்பது மேலைநாட்டு மையங்களில் வழக்கம். அந்த வகை மருந்துகள் ஆக்சிஜன் விரும்பாத நல்ல பாக்டீரியாக்களை ஒப்பளவில் குறைவாகவே தாக்குகின்றன என்பது ஓர் ஆறுதல். நம் நாட்டில் அவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் மிகுந்துவிட்டதால், பல மையங்கள் தடுப்பு ஆன்டிபயாடிக்கே கொடுப்பதில்லை. உங்கள் மையம் எந்த வழியில் செல்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

படி 3: காய்ச்சல் வரும் இரவு

தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை 500க்குக் கீழே இருக்கும்போது, உடல் வெப்பம் ஒரு முறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, 100.4 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலோ அது அவசர நிலை. செவிலியரிடம் சொல்வதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். ஆசனவாயில் வெப்பமானி வைக்க வேண்டாம். இரத்தக் கல்ச்சர் எடுத்தவுடன், காய்ச்சல் தெரிந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியிருக்க வேண்டும் என்பதே உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட விதி. இந்த நேரத்தில் குடல் பாக்டீரியாவைப் பற்றி வாதிடுவது பொருத்தமற்றது.

கேள்விகள் தொடங்க வேண்டியது மூன்றாம் நாளில். முதல் நாளில் கொடுக்கப்படுவது கிருமி எதுவென்று தெரியாமல் வலையை அகலமாக வீசும் மருந்து. 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் முடிவு வந்துவிடும். அப்போது மூன்று வழிகள் உண்டு: கிருமி தெரிந்திருந்தால் அதற்கு மட்டும் உரிய மருந்துக்கு மாறலாம், கிருமி எதுவும் வளராமல், காய்ச்சலும் தணிந்து, நோயாளி நிலையாக இருந்தால் மருந்தை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம், நிலைமை மோசமானால் வலுவான மருந்துக்குப் போகலாம். இரண்டாவது வழியை, கவுண்ட் ஏறும்வரை காத்திராமலே 72 மணி நேரத்துக்குப் பிறகு கருத்தில் கொள்ளலாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் "கவுண்ட் வரட்டும், பிறகு நிறுத்தலாம்" என்ற பழைய பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. அது அச்சத்தில் பிறந்த பழக்கம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் மருத்துவரிடம் பணிவாக, "கல்ச்சரில் என்ன வந்தது? இந்த மருந்தை இன்னும் எத்தனை நாள் தொடர நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள்.

எந்த மருந்து என்பது ஏன் முக்கியம்? 857 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், காய்ச்சலுக்காக இமிபெனெம் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் ஜிவிஎச்டி தொடர்பாக இறந்தவர்கள் 21.5 சதவீதம், பெறாதவர்களில் 13.1 சதவீதம், பிப்பரசிலின்–டாசோபாக்டம் பெற்றவர்களில் 19.8, பெறாதவர்களில் 11.9. செஃபிபைம், அஸ்ட்ரியோனாம் ஆகியவற்றில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. முதல் இரண்டும் ஆக்சிஜன் விரும்பாத பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிப்பவை, பின்னவை அவற்றைப் பெரும்பாலும் விட்டுவைப்பவை. இமிபெனெம் கொடுத்த எலிகளின் குடலில் சளிப்படலத்தைத் தின்னும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா பெருகி, சுவரைப் போர்த்திக் காக்கும் அந்தச் சளிப்படலம் மெலிந்துபோனதையும் அதே ஆய்வு காட்டியது. மெரோபெனெம் கொடுத்த எலிகளில் பாக்டீராய்டஸ் இனம் ஒன்று அதே வேலையைச் செய்ததாக 2022இல் மற்றொரு ஆய்வு வந்தது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்க்கும் ஆய்வுகளில், கடுமையாக நோயுற்றவர்களுக்கே வலுவான மருந்து போயிருக்கும்; அவர்கள் இறந்ததற்கு மருந்து காரணமா, நோயின் கடுமை காரணமா என்று முழுமையாகப் பிரிப்பது கடினம். எலிகளில் கண்ட இயக்கமுறை அந்தச் சந்தேகத்தைக் குறைக்கிறதே தவிர நீக்கிவிடவில்லை. ஆகவே என் கருத்து இதுதான்: இரண்டு மருந்துகள் ஒரே அளவு காப்பாற்றும் என்று கல்ச்சர் சொல்லும்போது மட்டும், குடலுக்குக் குறைவான சேதம் தருவதைக் கேட்டுப் பார்க்கலாம். மெட்ரோனிடசோலைப் பற்றித் தனியாக ஒரு சொல். 94 நோயாளிகளைக் கொண்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், அது என்டரோகாக்கஸ் குடலை ஆக்கிரமிக்கும் வாய்ப்பை மூன்று மடங்காக்கியது. அப்படி ஆக்கிரமிக்கப்பட்டவர்களுக்கு வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் இரத்தத்தில் புகும் வாய்ப்பு ஒன்பது மடங்கு. சாதாரண வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் கைவசம் வைத்திருக்கும் அதே மாத்திரைதான். வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: சாப்பாடும் தயிரும்

தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "தயிர்சாதம் கொடுக்கலாமா?" என்பது. நல்ல பாக்டீரியா குறைகிறது என்று தெரிந்தவுடன் தயிரும் புரோபயாடிக் தூளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் குடலில் இழக்கப்படுவது தயிரில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் இனம் அல்ல. ஆக்சிஜன் பட்டாலே சாகும் கிளாஸ்டிரிடியா குழு. அது தயிரிலும் இல்லை, கடையில் விற்கும் பொட்டலங்களிலும் பெரும்பாலும் இல்லை. வெள்ளணு இல்லாத நாட்களில் புண்ணான குடல் வழியாக லாக்டோபாசில்லஸே இரத்தத்தில் புகுந்து தொற்றான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே புரோபயாடிக் எதையும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். உறையூற்றிய வீட்டுத் தயிரை எப்போது அனுமதிப்பது என்பது மையத்துக்கு மையம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலைப் பற்றி 2019இல் ஒரு சுவையான கண்டுபிடிப்பு வந்தது. ஜிவிஎச்டியால் குடல் சுவர் சேதமானால் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காமல் தங்கும் பாற்சர்க்கரை என்டரோகாக்கஸுக்கு விருந்தாகிறது. எலிகளுக்குப் பாற்சர்க்கரை இல்லாத உணவு கொடுத்தபோது அந்தப் பெருக்கம் அடங்கியது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது பாலைத் தவிர்க்கும் நம் வழக்கத்துக்கு இது ஒரு புதிய விளக்கம் என்று கொள்ளலாம்.

பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் விலக்கும் கடுமையான பத்திய உணவால் தொற்று குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. இத்தாலியில் நடந்து 2023இல் வெளிவந்த சோதனையில், கட்டுப்பாடு தளர்ந்த உணவு உண்டவர்களுக்குத் தொற்று கூடவில்லை. கழுவி, நன்றாக வேகவைத்து, சூடாகப் பரிமாறும் வீட்டு உணவின் சுத்தமே முக்கியம். அதைவிட முக்கியம், நோயாளி வாய் வழியாக ஏதாவது சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. வாய்ப்புண்ணால் ஒன்றும் இறங்காத நாட்களில் இரண்டு கரண்டி குழைந்த சாதம்கூடக் குடலில் மிஞ்சியிருக்கும் பாக்டீரியாவுக்குப் படியளப்பதுதான்.

படி 5: கவுண்ட் ஏறிய பின் வயிற்றைக் கவனித்தல்

நியூட்ரோபில் மூன்று நாள் தொடர்ந்து 500ஐத் தாண்டினால் செல்கள் ஒட்டிவிட்டன என்று பொருள். குடும்பம் இனிப்பு வழங்கும் நாள் அது. ஜிவிஎச்டி தலைகாட்டக்கூடிய காலமும் அதுவே. உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் ஆகிய இடங்களில் சிவந்த தடிப்பு, கண் மஞ்சளாதல், குமட்டல், நீர்போன்ற வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் கவனியுங்கள். வயிற்றுப்போக்கை எத்தனை முறை என்று சொல்வதைவிட எத்தனை மில்லி என்று சொல்வது பயன்மிக்கது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிக்கு மேல் போனால் குடல் ஜிவிஎச்டியின் முதல் நிலை, 1000ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 1500ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை என்று மருத்துவர்கள் வகுக்கிறார்கள். கடும் வயிற்றுவலியோ இரத்தமோ சேர்ந்தால் நான்காம் நிலை. அளவுக்கோடு போட்ட பாத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நோட்டில் நேரத்தோடு எழுதிவாருங்கள்.

வயிற்றுப்போக்கு எல்லாமே ஜிவிஎச்டி ஆகாது. ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவை அழித்த இடத்தில் பெருகும் கிளாஸ்டிரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி, சிஎம்வி வைரஸ், மருந்துகளின் பக்கவிளைவு என்று பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குக் கேடாகும் என்பதால், மலப் பரிசோதனையையும் சில சமயம் எண்டோஸ்கோபி வழியாகச் சதைத் துணுக்கு எடுப்பதையும் மருத்துவர் வற்புறுத்தினால் தயங்காதீர்கள். குடல் ஜிவிஎச்டி உறுதியானால் முதல் மருந்து ஸ்டீராய்டுதான். அதற்கு அடங்காதவர்களுக்கு ருக்சோலிடினிப் இப்போது கிடைக்கிறது. ஸ்டீராய்டு ஓடும்போது தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் சோர்வும் குளிர்நடுக்கமுமே காய்ச்சலுக்குச் சமமான அறிகுறிகள்.

மற்றொருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாவைக் குடலுக்குள் செலுத்தும் முறையைப் பற்றிப் பலர் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். நியூயார்க்கில் 25 நோயாளிகளைக் கொண்ட சிறு சோதனையில், சிகிச்சைக்கு முன் சேமித்த தங்கள் மலத்தையே பின்னர் பெற்றவர்களுக்குக் குடல் பன்மை பழைய நிலைக்குத் திரும்பியது. அது 2018இல் வெளியானது. மறு ஆண்டே, சரியாகச் சோதிக்கப்படாத கொடையாளர் மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத ஈ. கோலை புகுந்து, ஸ்டெம் செல் மாற்றுப் பெற்ற ஒருவர் அமெரிக்காவில் இறந்தார். முறையான ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே இதை நாடுவது, என் பார்வையில், ஏற்க முடியாத துணிச்சல்.

படி 6: வீடு திரும்பிய பின்

இங்கே இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஆன்டிபயாடிக் கெடுதல் என்று படித்துவிட்டு, நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுவது ஒன்று. அது பல மாதங்கள் தொடர வேண்டிய கவசம். மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. மற்றொன்று, சளி பிடித்தவுடன் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் அசித்ரோமைசின் மூன்று நாள் வாங்கிப் போடுவது. சாதாரண மக்களுக்கே தேவையற்ற அந்தப் பழக்கம் இவர்களுக்கு வேறொரு காரணத்தாலும் ஆபத்தானது. நுரையீரல் சிக்கலைத் தடுக்கும் என்று நம்பி அசித்ரோமைசினை நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு சோதனையை, புற்றுநோய் திரும்பியவர்கள் அந்த மருந்து பெற்ற குழுவில் 32.9 சதவீதமும் போலிமாத்திரை பெற்ற குழுவில் 20.8 சதவீதமும் என்று தெரியவந்தபோது, பாதியிலேயே நிறுத்தினார்கள். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அத்தகைய நீண்டகாலத் தடுப்புப் பயன்பாட்டுக்கு எதிராக எச்சரிக்கையும் விடுத்தது. சில நாள் சிகிச்சைக்கும் அந்த முடிவு பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு இவ்வளவு போதும்.

ஊரில் இருக்கும் குடும்ப மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ போகும்போது, நோட்டின் முதல் பக்கத்தில் மாற்று நடந்த தேதி, இப்போது ஓடும் மருந்துகள், முன்பு வளர்ந்த கிருமிகள், மாற்று மையத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துச்செல்லுங்கள். சீட்டில் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், கடைக்குப் போவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை பேசிவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டியிருந்தால் மட்டும், பேசிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.